கிழங்குகளை ஓவனில் பொன்னிறமாகச் சுடுவது எப்படி

முதல் முறை ஓவனில் கிழங்கு சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே வரும். கேரட்டும் உருளையும் வெளுத்துப்போய், ஆவியில் வேகவைத்த மாதிரி சொதசொதவென்று கிடக்கும். அவற்றின் மேல் தூவிய ரோஸ்மேரி, தைம் போன்ற மணத்தழைகளோ கரிந்து கசக்கும். ஒரே தட்டில், ஒரே சூட்டில், ஒன்று வேண்டிய அளவு சிவக்கவில்லை, இன்னொன்று தீய்ந்துவிட்டது. காரணம் ஈரம். ஒரு கிழங்குத் துண்டில் அது மிக அதிகம், ஒரு மெல்லிய இலையில் மிகக் குறைவு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

கேரட்டின் எடையில் சுமார் 88 சதவீதம் தண்ணீர். பீட்ரூட்டில் 87, உருளைக்கிழங்கில் 79, சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 77, சிவப்பு முள்ளங்கியில் 95. காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓவனின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். சிவந்த நிறமும் சுட்ட வாசனையும் வர ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில்தான் காயில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மும்முரமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. 1912-இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விவரித்ததால் மயார் வினை என்று பெயர். ஆக, மேற்பரப்பு காய்ந்த பிறகுதான் சிவக்கத் தொடங்கும். கழுவுவது, நறுக்குவது, பரப்புவது என்று கீழே சொல்லப்போகும் ஒவ்வொன்றும் மேற்பரப்பைச் சீக்கிரம் காயவைப்பதற்காகத்தான்.

நான்கு பேருக்கான அளவு

கேரட் 300 கிராம், உருளைக்கிழங்கு 300 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு 200 கிராம், பீட்ரூட் 200 கிராம். மொத்தம் 1 கிலோ. சுட்டு முடிக்கும்போது ஈரம் போய் எடை மூன்றில் ஒரு பங்குவரை குறையும். பக்க உணவாக நான்கு பேருக்கு அது சரியாக இருக்கும். இவற்றுடன் இரண்டு வெங்காயம், தோலுரிக்காத பூண்டு ஒரு முழுசு.

எண்ணெய் 3 மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லி. பொடியுப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, சுமார் 9 கிராம். மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி 1 மேசைக்கரண்டி, தைம் ஐந்தாறு கொத்து. கடைசியில் தூவ ஒரு கைப்பிடி பார்ஸ்லி அல்லது கொத்தமல்லித்தழை, பிழிய ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. காய்ந்த தழைதான் இருக்கிறது என்றால் பச்சைத் தழையின் மூன்றில் ஒரு பங்கு போதும். ரோஸ்மேரி கொஞ்சம் முரட்டு ஆசாமி. சொன்ன அளவுக்கு மேல் போனால் தட்டு முழுக்கத் தைல வாடை அடிக்கும்.

எந்தக் கிழங்கையும் மாற்றிக்கொள்ளலாம்: பார்ஸ்னிப், டர்னிப், முள்ளங்கி, எதுவானாலும் சரி. ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. தோலை முழுக்கச் சீவி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிய பிறகே ஓவனுக்குப் போகவேண்டும். சேப்பங்கிழங்கில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, அரைகுறையாக வெந்தால் தொண்டை அரிக்கும். அதையும் முதலில் வேகவைத்துவிடுங்கள். உருளையில் பச்சை படர்ந்த பகுதியையும் முளைகளையும் தாராளமாக வெட்டி எறியுங்கள். கிழங்கு முழுக்கவே பச்சையாக இருந்தால் அதைச் சமைக்கவே வேண்டாம்.

கழுவித் துடைப்பது

மண் போகக் கழுவுவது எல்லோரும் செய்வதுதான். கழுவியதைத் துடைப்பதில்தான் கோட்டை விடுகிறோம். வடிகட்டியில் போட்டு உதறினால் போதாது. நறுக்கிய துண்டுகளைச் சுத்தமான பருத்தித் துணியில் கொட்டி, ஒற்றி, தேய்த்து எடுக்கவேண்டும். ஈரத்துண்டை எண்ணெயில் பிரட்டினால் எண்ணெய் ஒட்டாமல் வழியும், உப்பு கரைந்து கீழே தேங்கும், ஓவனில் முதல் பத்து நிமிடம் அந்தத் தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடும்.

கேரட், பீட்ரூட், சர்க்கரைவள்ளி தோலைச் சீவுவது அவரவர் விருப்பம். தோல் மெல்லியதாக, புதிதாக இருந்தால் தேய்த்துக் கழுவியே சுடலாம். பழைய கேரட்டின் தோல் கசக்கும், அதைச் சீவிவிடுங்கள்.

நறுக்கும் அளவு

"எல்லாவற்றையும் ஒரே அளவில் நறுக்குங்கள்" என்பது பல குறிப்புகளில் வரும் அறிவுரை. ஒரே வகைக் கிழங்குக்கு அது சரி. கலந்து சுடும்போது தவறு. பீட்ரூட் இறுகியது, வேக நேரம் பிடிக்கும். சர்க்கரைவள்ளி சீக்கிரம் குழையும். எனவே வேகும் நேரத்துக்கு ஏற்பத்தான் அளவு. பீட்ரூட்டை 1.5 முதல் 2 செ.மீ. துண்டாக, உருளையை 2.5 செ.மீ. துண்டாக, சர்க்கரைவள்ளியை 3.5 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். கேரட்டைச் சாய்வாக 2 செ.மீ. பருமனில் வெட்டினால் தட்டில் படியும் முகம் பெரிதாகக் கிடைக்கும். நன்றாகச் சிவப்பது அந்த முகம்தான். வட்ட வில்லையாக வெட்டாதீர்கள், மெல்லிய வில்லை சுருங்கித் தோலாகிவிடும். வெங்காயத்தை அடிக்காம்பை வெட்டி எறியாமல் எட்டாகப் பிளந்தால் இதழ் இதழாகப் பிரியாது.

முள்ளங்கி சேர்ப்பவர்கள் இரண்டாகப் பிளந்தால் போதும். அதில் தண்ணீர் அதிகம் என்பதால் மொறுமொறுப்பை எதிர்பார்க்கவேண்டாம். காரம் அடங்கி, சாறுள்ளதாக வரும்.

உருளைக்கு ஒரு தனி வேலை

அவசரமென்றால் இதை விட்டுவிடலாம். ஆனால் உடைத்தால் சத்தம் கேட்கும் அளவுக்கு உருளை மொறுமொறுவென்று வேண்டுமானால் வேறு வழியில்லை. 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு மேசைக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு, உருளைத் துண்டுகளை 8 முதல் 10 நிமிடம் வேகவிடுங்கள். சோடா தண்ணீரைக் காரத்தன்மையாக்கும். அதில் துண்டுகளின் ஓரத்தில் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் கரையும், ஓரம் குழைந்து சொரசொரப்பாகும். உள்ளே கத்தி லேசான தடையோடு இறங்கும் பதத்தில் வடித்து, அதே சூடான பாத்திரத்தில் மூடாமல் ஐந்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். பிறகு மூடி போட்டு நாலைந்து முறை குலுக்குங்கள். மேலே மாவு பூசினாற்போல் ஒரு படலம் தெரியும். எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மொறுமொறுப்பாவது அந்தப் படலம்தான். இப்படித் தயாரித்த துண்டுகள் உப்பை ஏற்கெனவே குடித்திருக்கும், அவற்றுக்குத் தனியாக உப்பு போடவேண்டாம். ஒன்றரைத் தேக்கரண்டியில் ஒரு தேக்கரண்டி மட்டும் மற்ற காய்களுக்கு.

ஃபிரிட்ஜில் பல நாள் இருந்த உருளை இதற்கு உதவாது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், அதனால் உள்ளே வேகும் முன்பே வெளியே கறுத்துவிடும். மாவுச்சத்து நிறைந்த பண்டங்களை அதிகச் சூட்டில் சுட்டாலோ பொரித்தாலோ அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். ஆகவே குறி பொன்னிறம்தான், அடர்பழுப்பு அல்ல.

ஓவன், தட்டு

ஓவனை 220 டிகிரி செல்சியஸில் முன்சூடு செய்யுங்கள். ஃபேன் ஓடும் ஓவனானால் 200. விளக்கு அணைந்துவிட்டதே என்று உடனே தட்டைத் தள்ளாதீர்கள். அப்போது உள்ளிருக்கும் காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர் ஆகியிருக்காது. கதவைத் திறந்ததும் சூடு சரிந்துவிடும். மொத்தம் 20 நிமிடம் விட்டால் நிம்மதி. திருகுபொத்தான் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 10, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். குறிப்பில் சொன்ன நேரத்தில் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை என்றால் உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள்.

தட்டு உயரமான விளிம்பு இல்லாத உலோகத் தட்டாக இருக்கட்டும். ஆழமான கண்ணாடிப் பாத்திரம் மெதுவாகச் சூடேறும், அதன் சுவர்கள் ஆவியைப் பிடித்துவைக்கும். கறுத்த தட்டு சீக்கிரம் சிவக்கவைக்கும், பளபளக்கும் தட்டு தாமதிக்கும். பேக்கிங் பேப்பர் விரித்தால் கழுவும் வேலை மிச்சம், பீட்ரூட்டும் ஒட்டாது. பதிலுக்கு அடிமுகம் கொஞ்சம் குறைவாகச் சிவக்கும். மெழுகு பூசிய தாளை மட்டும் மறந்தும் வைக்காதீர்கள், மெழுகு உருகிப் புகையும். தாள் விரிக்காதவர்கள் வெறும் தட்டை ஓவனோடு சேர்த்தே சூடாக்கி, அதில் காயைக் கொட்டலாம். விழுந்ததும் 'சொய்ங்' என்று கேட்டால் சரியான சூடு.

பிரட்டுவதும் பரப்புவதும்

எண்ணெயைத் தட்டிலேயே ஊற்றிக் கிளறுவது சோம்பேறி வழி. பாதி காய் நனையும், பாதி வறண்டு கிடக்கும். பெரிய பாத்திரத்தில் காயைப் போட்டு எண்ணெய், மிளகு சேர்த்துக் கையால் பிரட்டுங்கள். எல்லா முகமும் மினுங்கவேண்டும், பாத்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கக்கூடாது. எண்ணெய்தான் தட்டின் சூட்டைக் காய்க்குக் கடத்துகிறது. குறைந்தால் காய் உலர்ந்து ரப்பராகும், கூடினால் கொழகொழக்கும்.

உப்பைக் கடைசியில், ஓவனுக்குள் போவதற்குச் சற்று முன் போடுங்கள். உப்புப் பிரட்டி கால் மணி நேரம் வைத்தால் காய் தண்ணீர் விட்டுவிடும். அதைத் துடைத்து எடுத்த பாடெல்லாம் வீண்.

பீட்ரூட்டை எப்போதும் தனிப் பாத்திரத்தில், அரை மேசைக்கரண்டி எண்ணெயில் பிரட்டித் தட்டின் ஒரு மூலையில் வையுங்கள். அதன் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையும். கலந்து பிரட்டினால் உருளைகூட இளஞ்சிவப்பாகும். ருசி கெடாது என்றாலும் எது பொன்னிறம், எது பீட்ரூட் சாயம் என்று தெரியாமல் போகும்.

இனிப் பரப்புவது. இதில் கஞ்சத்தனம் பிடித்தால் மேலே செய்த அத்தனையும் போச்சு. 40 × 30 செ.மீ. தட்டில் 500 முதல் 600 கிராம்தான் கொள்ளும். 1 கிலோவுக்கு இரண்டு தட்டு வேண்டும். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் கீழுள்ளது விடும் ஆவியில் மேலுள்ளது வேகும்; ஓவன் இட்லிப் பானையாகிவிடும். வெட்டிய முகம் கீழே படியட்டும்.

நேரம்

பீட்ரூட்டும் கேரட்டும் முதலில் போகட்டும். 10 நிமிடம் கழித்து உருளை, சர்க்கரைவள்ளி, வெங்காயம் மூன்றையும் சேருங்கள். அப்போதிலிருந்து இன்னும் 30 முதல் 35 நிமிடம். ஒரே தட்டு வைப்பதென்றால் ஓவனின் கீழ்ப்பகுதியில் வையுங்கள், அடிமுகம் நன்றாகச் சிவக்கும். இரண்டு தட்டானால் பாதி நேரத்தில் மேல்கீழ் இடம் மாற்றவேண்டும்.

முதல் 20 நிமிடம் கிளறாதீர்கள். கை துறுதுறுக்கத்தான் செய்யும். தட்டோடு ஒட்டியிருக்கும் துண்டு இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். அடிமுகம் முறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும். முன்கூட்டியே சுரண்டினால் அந்த முறுகல் தட்டிலேயே தங்கிவிடும். 20 நிமிடம் ஆனதும் மெல்லிய உலோகத் தோசைத்திருப்பியால் ஒருமுறை புரட்டுங்கள். கதவைத் திறக்கும்போது குப்பென்று ஆவி வெளியேறும், நல்லதுதான். ஆனால் அடிக்கடி திறந்து எட்டிப்பார்த்தால் சூடு இறங்கும்.

வெந்ததா என்பதைக் கடிகாரத்தைவிடக் கத்தி சரியாகச் சொல்லும். பீட்ரூட்டின் பெரிய துண்டில் நுனியை இறக்குங்கள். தடையில்லாமல் போனால் மற்றவையும் வெந்திருக்கும்.

தழை எப்போது?

இலை மெல்லியது, அதில் இருக்கும் மொத்த ஈரமும் கொஞ்சம்தான். 220 டிகிரியில் அது சில நிமிடங்களில் காய்ந்து, பிறகு கரியும். 45 நிமிடம் அங்கே இருந்தால் மிஞ்சுவது கசப்பு. அதனால் தழைகளை இரண்டு வகையாகப் பார்க்கவேண்டும். ரோஸ்மேரி, தைம், சேஜ், ஆரிகனோ ஆகியவை கொஞ்சம் சூடு தாங்கும், அவற்றின் மணம் எண்ணெயில் இறங்கவும் நேரம் வேண்டும். நறுக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நனைத்து, கடைசி 10 நிமிடத்தில் தட்டில் தூவுங்கள். தைமைக் கொத்தாகவே போட விரும்பினால் காய்க்கு அடியில் செருகுங்கள், காய் விடும் ஈரம் அதைக் காப்பாற்றும். பார்ஸ்லி, கொத்தமல்லி, புதினா, பேசில், டில் ஆகியவை ஓவன் பக்கமே போகக்கூடாது. தட்டை வெளியே எடுத்த பிறகு, பரிமாறும் முன் கிள்ளிப் போடவேண்டியவை அவை.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அளந்த எண்ணெயைச் சிறு வாணலியில் ஊற்றி, ரோஸ்மேரி, தைம், தட்டிய இரண்டு பல் பூண்டு போட்டு மிகச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தொடும் முன் வடிகட்டுங்கள். வாசனை எண்ணெயில் கரையக்கூடியது என்பதால் மணமெல்லாம் எண்ணெய்க்குள் வந்துவிடும். அந்த எண்ணெயில் காயைப் பிரட்டிச் சுடுங்கள். வடிகட்டிய தழையையும் பூண்டையும் எடுத்துவைத்துச் சுட்ட காயின் மேல் தூவுங்கள். கரியவும் வழியில்லை, மணம் குறையவும் வழியில்லை.

முழுப் பூண்டை நுனி மட்டும் சீவி, தோலோடு தட்டின் ஓரத்தில் வைத்தால் தோல் கவசமாக இருந்து உள்ளே வெண்ணெய்போல் குழையும்; பிதுக்கிக் காயோடு கலக்கலாம். நறுக்கிய பூண்டு ஆரம்பத்திலேயே போனால் கரியும்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஓவனிலிருந்து எடுத்த பிறகுதான். புளிப்பு பெக்டினை இறுக்கும். முன்பே ஊற்றினால் எவ்வளவு நேரம் சுட்டாலும் உருளையின் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். ஈரமும் கூடும்.

வீகன் கவனம்

இந்தச் சமையலில் இயல்பாகவே விலங்குப் பொருள் எதுவும் இல்லை. பளபளப்புக்காகச் சேர்ப்பவற்றில்தான் நுழைந்துவிடும். தேன் வீகன் அல்ல. இனிப்பு வேண்டுமானால் 2 தேக்கரண்டி மேப்பிள் சிரப்பைக் கடைசி 8 நிமிடத்தில் கேரட்டின் மேல் மட்டும் தடவுங்கள். முன்னதாகத் தடவினால் சர்க்கரை கரியும். வூஸ்டர்ஷயர் சாஸ் பலவற்றில் நெத்திலி மீன் இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். கனமான சுவைக்கு எள் விழுதில் எலுமிச்சைச் சாறும் வெதுவெதுப்பான தண்ணீரும் கலந்து மேலே ஊற்றலாம்.

தவறிப்போனால்

சொதசொதப்பாக இருந்தால் நெரிசல்தான் காரணம். காயை இரண்டு தட்டாகப் பிரித்து 230 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வையுங்கள், பெரும்பாலும் தேறிவிடும். வெளியே கறுத்து உள்ளே வேகாமல் இருந்தால் துண்டு பெரிது, அல்லது தட்டு மேல் சூட்டுக் கம்பிக்கு மிக அருகில். ஃபாயிலால் மூடி, சூட்டை 180-க்குக் குறைத்து 10 நிமிடம் விடுங்கள். சுருங்கித் தோலாகிவிட்டதை மீட்க முடியாது. சூப்பில் போட்டு அரைத்துவிடலாம்.

சர்க்கரைவள்ளி மட்டும் மொறுமொறுப்பாகவில்லை என்று வருந்தவேண்டாம், அதன் குணம் அது. சூடேறும் வழியில் அதிலுள்ள ஒரு நொதி மாவுச்சத்தை மால்ட்டோஸ் சர்க்கரையாக்குகிறது. அதனால்தான் அது ஓரத்தில் பாகுபோல் கருஞ்சிவப்பாகி, உள்ளே குழைந்து வருகிறது.

ஏர் ஃபிரையரில் செய்வதானால் 190 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம், கூடையில் பாதிக்கு மேல் நிரப்பாமல், இருமுறை குலுக்கி. தழையைக் கடைசி 3 நிமிடத்தில் எண்ணெயில் நனைத்தே போடுங்கள். வறண்ட இலை காற்றில் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டும்.

மிச்சத்தை வைத்துக்கொள்ள

ஆறியதும், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். மூன்று நாள் தாங்கும். சூடாக்க 200 டிகிரி ஓவனில் 8 நிமிடம், அல்லது மூடாத அகன்ற வாணலியில் மிதமான தீ. மைக்ரோவேவ் ஈரத்தை மேற்பரப்புக்குத் தள்ளி மறுபடி சொதசொதப்பாக்கும். தழை ஊறவைத்த பூண்டு எண்ணெய் மிஞ்சினால் அடுப்பங்கரை அலமாரியில் வைக்கக்கூடாது. எண்ணெய்க்கு அடியில் காற்றுப் படாத பூண்டில் பாட்டுலிசம் நஞ்சு உண்டாக்கும் கிருமி வளரலாம், மணத்திலோ நிறத்திலோ அது தெரியாது. ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். அடுத்த முறை இரண்டு கட்டியை எடுத்து உருக்கிக் காயில் பிரட்டிக்கொள்ளலாம்.